புதுக் கிராபிக்ஸ் கார்ட் போட்டபின் திரை கறுத்தால்: அவசரப்பட்டு எதையும் அழிக்க வேண்டாம்

சனிக்கிழமை பின்னேரங்களில் ஹூஸ்டன் ஹில்குரொஃப்ட் வீதியில் கார் நிறுத்த இடம் கிடைப்பது அரிது. 2010 ஜனவரியில் மாநகரம் 'மகாத்மா காந்தி மாவட்டம்' என்று பெயர் சூட்டிய இந்தப் பகுதிக்கு அரிசி, மரக்கறி, கறிவேப்பிலை வாங்க எம்மவர் குடும்பங்கள் நாலு பக்கத்திலிருந்தும் வருவார்கள். சாமான் வாங்குகிற இடத்திலேயே ஊர்க்கதையும் நடக்கும், உதவியும் கேட்கப்படும். கணினி பார்க்கத் தெரிந்தவர்கள் என்று எங்களில் சிலருக்கு ஒரு பெயர் இருப்பதால், மரக்கறித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தே எம்மைப் பிடித்துவிடுவார்கள்.

அப்படி ஒருநாள் ஒரு அக்கா சொன்னார்: "தம்பி, மகன் ஏதோ புதுக் கார்ட் ஒண்டு வாங்கிப் போட்டவன். அதோட கணினி செத்துப்போச்சு. கடையில கேட்டா எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸைத் திரும்பப் போடவேணும் எண்டு சொல்லுறாங்கள். அதுக்குள்ளதான் அம்மாவின்ர படங்கள் எல்லாம் கிடக்கு."

அந்தப் படங்கள் என்னவென்று கேட்டோம். 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் வெளியேறிய இரவில், பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துவந்த கலியாண அல்பம். அல்பத்தைப் பிறகு கறையான் தின்றுவிட்டது. அதற்கு முன் யாரோ ஸ்கான் செய்து அனுப்பிய பிரதிகள் மட்டுந்தான் மிச்சம். அதோடு அப்பாவின் பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகர் கொடுத்த கடிதம், தஞ்சம் கேட்டபோது கொடுத்த சத்தியக்கடதாசிகள், எல்லாம் அந்த ஒரே பெட்டியில்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். மகன் புதுக் கார்ட்டைச் சரியாகத்தான் பொருத்தியிருந்தான். மொனிட்டர் கேபிளை மட்டும் பழைய இடத்திலேயே, மதர்போர்ட்டின் துவாரத்திலேயே விட்டிருந்தான். அதைக் கழற்றி ஒரு சாண் கீழே, புதுக் கார்ட்டின் துவாரத்தில் செருகினோம். திரை வந்துவிட்டது. கடைக்காரர் சொன்னபடி செய்திருந்தால், ஒரு கேபிளுக்காக ஒரு குடும்பத்தின் படங்கள் அழிந்திருக்கும்.

கடந்த ஒரு வருடத்துக்குள் இப்படியான அழைப்புகள் கூடிவிட்டன. 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு முடிந்ததால் பலர் பழைய கணினிகளைக் கிண்டத் தொடங்கினார்கள். பிள்ளைகளுக்கு விளையாட்டுக்கும், படிப்புக்கும், வீடியோ வெட்டி ஒட்டவும் நல்ல கிராபிக்ஸ் கார்ட் தேவைப்படுகிறது. புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாதவர்கள் பாவித்த கார்ட் வாங்குகிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதிவைப்பது நல்லது என்று நினைத்தோம்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும. கிராபிக்ஸ் கார்ட், அதாவது வரைகலை அட்டை, திரையில் படத்தை வரைந்து அனுப்புகிற வேலையை மட்டுமே செய்கிறது. உங்கள் படங்களும் கடிதங்களும் அதற்குள் இல்லை. அவை ஹார்ட் டிஸ்க்கிலோ எஸ்எஸ்டியிலோ இருக்கின்றன. திரை கறுத்துக் கிடந்தாலும் பெட்டிக்குள் விண்டோஸ் முழுதாக ஏறி, கடவுச்சொல்லுக்காகக் காத்துக்கொண்டிருக்கலாம். இதைச் சோதிக்கச் சுகமான வழி உண்டு. விசைப்பலகையில் கப்ஸ் லொக் விசையை அழுத்துங்கள். அதன் சின்ன விளக்கு ஏறி இறங்கினால் கணினி உயிரோடு இருக்கிறது, படம்தான் வரவில்லை. ஆனபடியால் திரைக் கோளாறைத் திருத்த எதையும் அழிக்கவேண்டிய தேவை அநேகமாக வராது. அழிவு வருவது கோளாறால் அல்ல, திருத்துகிறோம் என்று நாம் செய்கிற வேலைகளால்.

அப்படி நடந்ததையும் சொல்லவேண்டும். எமக்குத் தெரிந்த இன்னொரு குடும்பத்தில் புதுக் கார்ட் போட்டதும் திரை வரவில்லை. யாரோ சொன்ன யோசனைப்படி மதர்போர்ட்டில் இருக்கும் காசு போன்ற பற்றரியைக் கழற்றி, பயாஸ் அமைப்புகளை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்தார்கள். திரை வந்தது. ஆனால் நீல நிறப் பின்னணியில், 48 இலக்க மீட்பு எண்ணைத் தா என்று கேட்டபடி வந்தது. அந்த எண் என்னவென்றே அவர்களுக்குத் தெரியாது. கணினி வாங்கிய நாளில் மகள் பாடசாலைக்காக எடுத்த ஒரு மின்னஞ்சலில் மைக்ரோசாஃப்ட் கணக்குத் திறந்திருந்தாள். அந்த மின்னஞ்சல் மூடப்பட்டுப் பல காலம். எண்ணும் அதோடு போய்விட்டது. அந்த டிஸ்க்கில் இருந்த எதையும் எங்களால் எடுத்துக் கொடுக்க முடியவில்லை. வேறு யாராலும் முடியாது, அது அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது.

இதன் பெயர் பிட்லொக்கர். திருடன் கணினியைத் தூக்கிக்கொண்டு போனாலும் உள்ளே இருப்பதை வாசிக்க முடியாதபடி டிஸ்க் முழுவதையும் பூட்டி வைக்கும் முறை. சாதாரண வீட்டு விண்டோஸில் இதே பூட்டு 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற பெயரில் இருக்கும். 2024 இன் இறுதிப் பகுதியில் வந்த விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் இது தானாகவே ஏறிவிடும். வீட்டுக்காரருக்குத் தன் வீடு பூட்டப்பட்டதே தெரியாது. பூட்டின் சாவி மதர்போர்ட்டில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியில் இருக்கிறது. கணினி ஒவ்வொரு முறை எழும்பும்போதும், நேற்றிருந்த அதே உடம்புதானா என்று அது பார்க்கும். பயாஸ் அமைப்பு மாறினால், டிபிஎம் அணைந்தால், சில கணினிகளில் புதுக் கார்ட் ஒன்று ஏறினாலே, சந்தேகப்பட்டு மீட்பு எண்ணைக் கேட்கும்.

ஆகவே கார்ட் மாற்றும் வேலை பெட்டியின் மூடியைத் திறப்பதில் தொடங்குவதில்லை. பழைய கார்ட்டும் பழைய திரையும் நன்றாக வேலை செய்யும்போதே அமைப்புகளுக்குள் போய், 'பிரைவசி அண்ட் செக்கியூரிட்டி' பகுதியில் டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் இணையத்தில் நுழைந்து, அந்தக் கணினியின் மீட்பு எண்ணை எடுத்து, பேனையால் கடதாசியில் எழுதுங்கள். 48 இலக்கம், ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைப்பதும் நல்லதுதான், ஆனால் கடதாசி பற்றரி இறங்கிச் சாவதில்லை. அதோடு, ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் படங்களுக்கும் ஆவணங்களுக்கும் ஒரு பிரதி எடுங்கள். ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் நூலகம் இணையத்தளம் 2005 முதல் சேர்த்து வருகிறது. எங்கள் வீட்டு அல்பத்தை எங்களைத் தவிர வேறு எவரும் சேர்த்து வைக்கப்போவதில்லை.

இனி, கறுத்த திரைக்கு வருவோம்.

முதலில் கேட்கவேண்டிய கேள்வி: எந்த நேரத்தில் கறுக்கிறது? பொத்தானை அழுத்திய கணத்திலிருந்தே ஒன்றும் வரவில்லையா, அல்லது கணினி நிறுவனத்தின் சின்னமோ விண்டோஸ் சின்னமோ வந்து, சுற்றும் புள்ளிகளும் வந்து, அதன்பிறகு கறுக்கிறதா? இரண்டும் வேறு வேறு நோய்கள். முதலாவது என்றால் கேபிள், மின்சாரம், பொருத்தம், பயாஸ் இவற்றில் ஒன்று. இரண்டாவது என்றால் பெரும்பாலும் டிரைவர், அதாவது கார்ட்டோடு விண்டோஸ் பேசுவதற்கான மென்பொருள். இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் வேலையைத் தொடங்கினால் பாதி நாள் வீணாகும்.

கேபிளைப் பற்றி ஏற்கனவே சொன்னோம். பெட்டியின் பின்பக்கத்தில் மேலே, யுஎஸ்பி துவாரங்களோடு சேர்ந்திருக்கும் எச்டிஎம்ஐ துவாரம் மதர்போர்ட்டினுடையது. அதற்குக் கீழே தனியாகக் கிடையாக வரிசையாக இருப்பவை புதுக் கார்ட்டினுடையவை. புதுக் கார்ட் ஏறியதும் பல கணினிகள் மேலே உள்ள துவாரத்தைத் தாமாகவே அணைத்துவிடும். மொனிட்டரும் தன் பங்குக்குக் குழப்பும். முன்பு எச்டிஎம்ஐ இல் இருந்ததை இப்போது டிஸ்பிளேபோர்ட்டில் செருகினால், மொனிட்டரின் பொத்தானை அழுத்தி உள்ளீட்டை மாற்றிக் கொடுக்கவேண்டி வரலாம்.

பழைய மொனிட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. நீலத் தலையும் 15 ஊசிகளும் கொண்ட விஜிஏ கேபிள் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அது 1987 இல் வந்த தொழில்நுட்பம், நாற்பது வருடத்தை எட்டப்போகிறது. 2016 இல் வந்த என்விடியாவின் 1000 வரிசை கார்ட்களிலிருந்து அந்தப் பழைய அனலொக் சமிக்ஞை வெளியே வருவதே இல்லை. ஆகவே துவாரத்தின் வடிவத்தை மட்டும் மாற்றுகிற மலிவான இடைத்தலை வாங்கி மாட்டினால் எந்தக் காலத்திலும் படம் வராது. சமிக்ஞையையே மாற்றித் தருகிற, உள்ளே சிறு சில்லு உள்ள இடைத்தலை வேண்டும். வாங்கும்போது 'அக்டிவ்' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அதற்குச் செலவழிப்பதைவிட எச்டிஎம்ஐ உள்ள பாவித்த மொனிட்டர் ஒன்று வாங்குவது புத்தி என்பது எமது எண்ணம்.

அடுத்தது மின்சாரம். எமது அனுபவத்தில் கேபிளுக்கு அடுத்தபடி அதிகமான சிக்கல் இங்கேதான். கார்ட் செருகும் துவாரம் அதிகபட்சம் 75 வாட்தான் கொடுக்கும். அதற்கு மேல் வேண்டிய கார்ட்களுக்கு பவர் சப்ளையிலிருந்து தனிக் கேபிள் வரவேண்டும். ஆறு ஊசித் தலை இன்னுமொரு 75 வாட், எட்டு ஊசித் தலை 150 வாட். ஆர்டிஎக்ஸ் 4060 இற்கு 115 வாட் வேண்டும், 3060 இற்கு 170 வாட். இந்தக் கேபிளைச் செருக மறந்தால் விசிறி சுற்றும், விளக்கு எரியும், படம் வராது. சில கார்ட்கள் கேபிளைச் செருகு என்று திரையிலேயே எழுதிக் காட்டும், எல்லாம் அப்படி இல்லை.

அலுவலகங்கள் கழித்து விற்கிற சிறிய பெட்டிகளை எம்மவர் விரும்பி வாங்குவார்கள். விலை குறைவு, உறுதியானவை. ஆனால் அவற்றின் பவர் சப்ளை பல இடங்களில் 300 வாட்டுக்கும் குறைவு, கார்ட்டுக்கான கேபிளே அதில் இருக்காது. அப்படியான பெட்டிக்கு ஜிடிஎக்ஸ் 1650 போன்ற, 75 வாட்டுக்குள் அடங்குகிற, தனிக் கேபிள் கேட்காத மாதிரியைத் தேடுவதே சரி. அதிலும் கேபிள் கேட்கிற 1650 களும் விற்பனையில் உண்டு, படத்தைப் பார்த்து வாங்குங்கள். குறைந்த உயரமுள்ள பெட்டிக்குக் குள்ளமான கார்ட் வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. எங்களில் ஒருவர் அதை அளக்காமல் வாங்கி மூடியைத் திறந்தபடியே மூன்று மாதம் ஓட்டினார்.

கேபிள் விடயத்தில் இரண்டு தவறுகள் படத்தை மட்டுமல்ல, பொருளையே கொல்லும். ஒன்று, சிபியுவுக்குப் போகிற எட்டு ஊசித் தலையும் கார்ட்டுக்குப் போகிற எட்டு ஊசித் தலையும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். உள்ளே மின்சாரம் ஓடும் ஒழுங்கு நேர்மாறு. சுலபமாகப் போகவில்லை என்றால் பலவந்தமாக அழுத்தவே கூடாது. மற்றது இன்னும் மோசமானது. கழற்றி மாட்டக்கூடிய கேபிள்கள் உள்ள பவர் சப்ளைகளில், ஒரு நிறுவனத்தின் கேபிளை இன்னொரு நிறுவனத்தின் பெட்டியில் செருகக்கூடாது. தலை பொருந்தும், ஆனால் பவர் சப்ளைப் பக்கத்தில் ஊசிகளின் ஒழுங்கு வேறு. 5 வோல்ட் போகவேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் ஹார்ட் டிஸ்க் அந்தக் கணமே எரிந்துவிடும். படங்களை இழக்க அதுவும் ஒரு வழி. பழைய கேபிள் பையைக் கிண்டி "இதுவும் பொருந்துது" என்று சொல்கிறவரை அன்றைக்கு மட்டும் தேத்தண்ணி போட அனுப்புங்கள்.

பெரிய கார்ட்களின் கதை வேறு. 2022 ஒக்டோபரில் 450 வாட் குடிக்கும் ஆர்டிஎக்ஸ் 4090 வந்தபோது, அதன் புதுவகைத் தலை உருகிப்போன படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. தலை முழுதாக உள்ளே போகாததே பொதுவாகக் கண்ட காரணம் என்று நவம்பரில் என்விடியா சொன்னது. ஆயிரக்கணக்கான டொலர் பெறுமதியான கார்ட்டை வைத்திருப்பவர்கள் தலையை அடிவரை தள்ளி, வெளியே விளிம்பு தெரியவில்லை என்று விளக்கடித்துப் பார்க்கவேண்டும். கேபிளை வாயிலேயே மடிக்கவும் கூடாது.

மின்சாரம் சரி, கேபிள் சரி, இன்னும் ஒன்றும் இல்லை என்றால், கணினியை அணைத்து, சுவர் இணைப்பைக் கழற்றி, கார்ட்டை எடுத்துத் திரும்பப் பொருத்துங்கள். துவாரத்தின் முனையில் உள்ள சிறிய பூட்டு 'டிக்' என்று விழவேண்டும். பெட்டியின் தகரத்தைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்னைப் போக்கிவிட்டுத் தொடங்குங்கள். பாவித்த கார்ட் என்றால் அதன் பொன்னிறப் பற்களில் அழுக்கு இருக்கலாம். யாழ்ப்பாணத்தில் கணினி திருத்துகிறவர்கள் வெள்ளை அழிறப்பரால் மெல்லத் தேய்த்துத் துடைப்பார்கள். நாங்களும் இன்றுவரை அதைத்தான் செய்கிறோம், தூளை ஊதிவிட்டு. கார்ட்டைத் தள்ளும்போது பக்கத்தில் உள்ள நினைவகச் சட்டம் அசைந்து தளர்ந்திருக்கவும் கூடும். அதனால்கூடத் திரை கறுக்கும், பழி புதுக் கார்ட்டில் விழும். புது மதர்போர்ட்களில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு சிறு விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். விளக்கில்லாத பழையவை பீப் ஒலியால் சொல்லும். அவார்ட் பயாஸ் உள்ளவற்றில் ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் கேட்டால் முறைப்பாடு கிராபிக்ஸ் கார்ட்டைப் பற்றியது.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவது, பழையதும் புதியதும் ஒன்றையொன்று விளங்கிக்கொள்ளாத சிக்கல். கணினியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி வேறு நிறுவனத்தின் பாகத்தைப் போட முடிகிறதே, அந்தச் சுதந்திரத்துக்கு எமது ஹூஸ்டனுக்கும் ஒரு பங்கு உண்டு. 1982 இல் இங்கே தொடங்கிய கொம்பாக் நிறுவனம்தான் ஐபிஎம் கணினியோடு முழுதாக ஒத்துப்போகும் கணினியைச் செய்து விற்று, யாரும் செய்யலாம், எதையும் பொருத்தலாம் என்ற வழியைத் திறந்தவர்களில் முன்னோடி. ஆனால் பொருந்தும் என்பதும் ஒத்துப்போகும் என்பதும் ஒன்றல்ல. சுமார் 2012 இற்கு முந்திய மதர்போர்ட்களில் இருப்பது பழைய பாணி பயாஸ். பிந்தியவற்றில் யுஇஎஃப்ஐ. புதுக் கார்ட்கள் யுஇஎஃப்ஐ யை நம்பிச் செய்யப்பட்டவை. மிகப் பழைய பெட்டியில் அவை முழிக்காமலே கிடக்கலாம். மறுபக்கமாக, மிகப் பழைய கார்ட் ஒன்றை, சிஎஸ்எம் என்ற பழைய முறை அணைக்கப்பட்ட புதுப் பெட்டியில் போட்டாலும் படம் வராது. பழைய கார்ட்டைத் திரும்பப் போட்டு, மதர்போர்ட் நிறுவனம் வெளியிட்ட புதிய பயாஸ் இருந்தால் ஏற்றிவிட்டு, மீண்டும் முயன்று பாருங்கள். ஏற்றுவதற்கு முன் பிட்லொக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள், இல்லாவிட்டால் அந்த நீலத் திரை வந்து நிற்கும். சிஎஸ்எம் ஐ மாற்றியபின் விண்டோஸ் ஏறவில்லை என்றால் பதறவேண்டாம். மாற்றியதைப் பழையபடி ஆக்கினால் ஏறும். அந்த நேரத்தில் "விண்டோஸ் பழுதாகிவிட்டது, அழித்துப் போடுவோம்" என்று முடிவெடுக்கிறவர்கள்தான் அதிகம்.

கார்ட்டின் பக்கத்திலும் பிழை இருந்ததுண்டு. டிஸ்பிளேபோர்ட் 1.3, 1.4 மொனிட்டர்களோடு இணைத்தால், விண்டோஸ் ஏறும்வரை திரை கறுத்தே இருக்கும் அல்லது கணினி தொடக்கத்திலேயே நின்றுவிடும் என்ற குறையைத் திருத்த 2018 இல் என்விடியா ஒரு சிறு மென்பொருளை வெளியிட்டது. 2025 இல் ஆர்டிஎக்ஸ் 5060 வரிசைக்கும் அதேபோல ஒன்று வந்தது, மறுதொடக்கத்தில் திரை கறுக்கும் குறைக்காக. இவற்றை ஏற்றுவதற்கே படம் வேண்டுமே என்றால், எச்டிஎம்ஐ கேபிளால் அல்லது வேறு மொனிட்டரால் தற்காலிகமாகப் படத்தை வரவழைத்து ஏற்றவேண்டும். திருத்தமான கார்ட்டைப் பழுதென்று திருப்பிக் கொடுத்துவிட்டு அதே மாதிரியை மீண்டும் வாங்கி, அதே கறுப்பைப் பார்த்தவர்கள் உண்டு.

இரண்டாவது வகை நோய், விண்டோஸ் சின்னம் வந்தபின் கறுப்பது. விண்டோஸ் விசை, கொன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் அழுத்திக்கொண்டு 'பி' எழுத்தைத் தட்டுங்கள். ஒரு பீப் ஒலியோடு திரை மினுங்கி டிரைவர் திரும்பத் தொடங்கும். விண்டோஸ் விசையோடு 'பீ' அல்ல, 'பி' யை வேறாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம்: மேலே சொன்னது ஆங்கிலத்தில் இரண்டாவது எழுத்து. பதினாறாவது எழுத்தை விண்டோஸ் விசையோடு அழுத்தினால், படத்தை எந்தத் திரைக்கு அனுப்புவது என்ற பட்டியல் வரும். வரவேற்பறைத் தொலைக்காட்சியும் அதே கார்ட்டில் செருகப்பட்டிருந்தால், விண்டோஸ் உங்கள் மேசையை அங்கே அனுப்பியிருக்கலாம். ஒரு வீட்டில் இரண்டு நாள் தேடிய படம் அடுத்த அறைத் தொலைக்காட்சியில் இருந்தது.

அதுவும் இல்லையென்றால் சேஃப் மோட். விண்டோஸ் ஏறும் நேரத்தில் பொத்தானை அழுத்தி அணைப்பதை அடுத்தடுத்துச் சில தடவை செய்தால், திருத்தும் பக்கம் தானாக வரும். அங்கிருந்து 'ஸ்டார்ட்அப் செற்றிங்ஸ்' வழியாக சேஃப் மோட்டுக்குப் போகலாம். இங்கேயும் பிட்லொக்கர் எண் கேட்கக்கூடும், எழுதிய கடதாசி கையில் இருக்கட்டும். அந்தப் பக்கத்தில் 'ரீசெட் திஸ் பீசீ' என்ற தெரிவு முதல் வரிசையிலேயே கண்ணுக்கு எட்டுகிற இடத்தில் இருக்கும். அதைத் தொடாதீர்கள். சேஃப் மோட்டில் திரை பெரிய எழுத்துகளோடு கரடுமுரடாக வரும், அது சரிதான். பழைய கார்ட்டின் டிரைவரை அங்கே நீக்குங்கள். ஏஎம்டி இலிருந்து என்விடியாவுக்கோ மறுபக்கமாகவோ மாறியவர்கள் 'டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டோலர்' என்ற இலவச மென்பொருளால் மிச்சசொச்சத்தையும் துடைக்கலாம். பிறகு கார்ட் நிறுவனத்தின் தளத்திலிருந்தே புது டிரைவரை எடுத்து ஏற்றுங்கள். 'உங்கள் டிரைவர் பழசு' என்று விளம்பரம் காட்டும் தளங்கள் பக்கம் போகவேண்டாம்.

பாவித்த கார்ட் வாங்குகிறவர்கள் இன்னும் ஒன்றை அறிந்திருக்கவேண்டும். 2022 செப்டெம்பர் 15 இல் எதீரியம் நாணயம் தன் முறையை மாற்றியதோடு, அதுவரை இரவுபகலாக ஓடிய கார்ட்கள் பெருமளவில் பாவித்த பொருளாகச் சந்தைக்கு வந்தன. சிலவற்றில் உள்ளிருக்கும் பயாஸையே மாற்றி எழுதியிருப்பார்கள். அப்படியானதில் படம் வராமலும் போகலாம், டிரைவர் ஏறாமலும் போகலாம். திரையில் சதுரங்கப் பலகைபோலக் கட்டங்களோ, நிறக் கோடுகளோ, பொட்டுப்பொட்டாகவோ தெரிந்தால், அதுவும் விண்டோஸ் ஏறமுன்னரே தெரிந்தால், கார்ட்டின் நினைவகம் சாகத் தொடங்கிவிட்டது. அதற்கு மென்பொருளில் மருந்தில்லை. விற்கிறவர் வீட்டிலேயே ஓடவிட்டுப் பார்த்து வாங்குவதுதான் வழி. 900, 1000 வரிசை என்விடியா கார்ட்களுக்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவர்கள் 2025 ஒக்டோபரோடு நின்றுவிட்டன, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 வரை வரும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கமுன் அதையும் யோசியுங்கள்.

யாரிடமாவது காட்டப் பெட்டியைக் காரில் கொண்டுபோவதானால் பாரமான கார்ட்டைக் கழற்றித் தனியாக எடுத்துச் செல்லுங்கள். நெடுஞ்சாலைக் குலுக்கலில் துவாரமே உடைந்துவிடும். ஹூஸ்டன் யூலை வெயிலில் அதைக் காருக்குள் விட்டுவிட்டு மூன்று மணித்தியாலம் சாமான் வாங்கவும் வேண்டாம்.

படம் வந்தபின்னும் சில சில்லறைக் கரைச்சல்கள் இருக்கும். தொலைக்காட்சியில் இணைத்தால் ஓரங்கள் வெட்டுப்பட்டுத் தெரிவது தொலைக்காட்சியின் பட அளவு அமைப்பால். கறுப்பு சாம்பலாக வெளிறித் தெரிந்தால் கார்ட்டின் அமைப்பில் நிற வீச்சை 'ஃபுல்' என்று மாற்றவேண்டும். 144 ஹேர்ட்ஸ் மொனிட்டர் 60 இல் ஓடிக்கொண்டிருந்தால் விண்டோஸின் டிஸ்பிளே அமைப்பில் கூட்டிவிடலாம்.

அந்த அக்கா வீட்டிலிருந்து அடுத்த நாளே திரும்ப அழைப்பு வந்தது. படம் வருகிறது, ஆனால் வவுனியாவில் இருக்கும் அம்மா கதைப்பது கேட்கவில்லை என்றார். புதுக் கார்ட் எச்டிஎம்ஐ வழியாகச் சத்தத்தையும் அனுப்பும். விண்டோஸ் அதையே முதன்மை ஒலிக்கருவியாக எடுத்துக்கொண்டு, ஒலிபெருக்கியே இல்லாத மொனிட்டருக்குச் சத்தத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. திரையின் வலது மூலையில் உள்ள ஒலிச் சின்னத்தை அழுத்தி, பழைய ஒலிபெருக்கியைத் தெரிவுசெய்யச் சொன்னோம். தொலைபேசியிலேயே முடிந்த வேலை. வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கிவிட்டீர்களா என்று கேட்டோம். இந்தச் சனிக்கிழமை வாங்குவதாகச் சொன்னார்.